அரை பீட் முன்னால்

எதிர் வீட்டுக்காரி நல்லவள். அதுதான் வினை. கெட்ட எண்ணம் பிடித்தவளாக இருந்திருந்தால், அவள் காட்டியதை வயிற்றெரிச்சல் என்று ஒதுக்கிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். அவளுக்கு அந்தச் சாமர்த்தியமெல்லாம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலை, நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது ஃபோனும் கையுமாக வந்து நின்றாள். முந்தின நாள் மாலை எங்கள் கச்சேரிக்கு வீட்டுக்காரரையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பாஸ் நான் கொடுத்ததுதான்.

"உங்களுக்காகவே ஒரு பாட்டு முழுசா எடுத்தேங்க. கையே வலிச்சிடுச்சு. பாருங்க," என்றாள்.

அக்காவும் நானும் சேர்ந்து மேடை ஏற ஆரம்பித்து இருபத்தைந்து வருடம் ஆகிறது. சினிமாப் பாட்டுக் கச்சேரி. சகோதரிகள் இன்னிசைக் குழு என்றால் இங்கே தெரியாதவர்கள் குறைவு. போஸ்டரில் இரண்டு முகம், மேடையில் இரண்டு மைக், ஒரே நிறத்தில் இரண்டு புடவை. எங்கள் குரல் ஒரே அச்சு. ஃபோனில் பேசினால் பெற்ற அம்மாவே "பெரியவளா, சின்னவளா?" என்று கேட்டுவிட்டுத்தான் திட்ட ஆரம்பிப்பாள். பாட்டு முழுவதையும் இருவரும் சேர்ந்தே பாடுவோம். இரண்டு குரல் ஒரே குரலாகக் கேட்பதுதான் எங்கள் விசேஷம் என்று பேர்.

பாடியதைத் திரும்பக் கேட்கக் கூடாது என்பது அக்கா போட்ட சட்டம். கேட்டால் அடுத்த கச்சேரியில் பயம் வருமாம். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. என் குரலை நானே கேட்க எனக்குக் கூசும். யாராவது வீடியோ அனுப்பினால், புடவை மடிப்பு சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒரு நிமிடம் பார்த்துவிட்டு மூடிவிடுவேன். அந்த ஒரு நிமிடத்தில் ஒரு குரல் கேட்கும். அதில் பாதி நான் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆனால் இந்த வீடியோவைப் பார்க்க எனக்கே ஆசையாக இருந்தது. காரணம் இருந்தது. அந்தப் பாட்டின் இரண்டாவது சரணத்தில் அக்காவுக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது. மைக்கை விட்டு விலகித் திரும்பிக்கொண்டாள். ஒரு முழு வரியை நான் தனியாகப் பாடினேன். பயப்படாமல், மேலே போக வேண்டிய இடத்தில் மேலே போய், நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டிப் பாடினேன். அரங்கமே கை தட்டியது. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கைதட்டல் காதிலேயே இருந்தது. நாற்பத்தாறு வயதில் இதற்கெல்லாம் சந்தோஷப்படுவது அல்பம்தான். சந்தோஷப்பட்டேன்.

அந்த இடம் வந்தது. அக்கா திரும்புகிறாள். கீபோர்டு போகிறது, தபேலா போகிறது. நான் கண்ணை மூடி, கையை உயர்த்தி, தொட்டி மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடுகிறேன். குரல் இல்லை. ஒரு வரி முழுக்க வெறும் வாத்தியம். பிறகு அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த வரியைப் பிடிக்கிறாள், அரங்கம் தட்டுகிறது. இருமலை வென்று வந்த அக்காவுக்குத் தட்டுகிறது.

"அந்த எடத்துல உங்க மைக் போயிடுச்சு போலங்க," என்றாள் எதிர் வீட்டுக்காரி. "நல்லவேளை, அக்கா சமாளிச்சுட்டாங்க."

பாட்டை முதலிலிருந்து போடச் சொன்னேன். ஃபோனைக் காதோடு ஒட்டிக்கொண்டு என்னைத் தேடினேன். பல்லவியில் இல்லை. முதல் சரணத்தில் இல்லை. இருந்த குரல் ஒன்றுதான், அது முழுசாக அக்கா. ஈரத்துணி வாளியில் அப்படியே கிடந்தது.

என் வீட்டுக்காரர்தான் குழுவில் கீபோர்டு. கூடத்தில் உட்கார்ந்து ஒரு பழைய வயரைப் பிரித்து ஈயம் வைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். தலையைத் தூக்காமலே கேட்டுவிட்டு, "உனக்குத் தெரியும்னு நினைச்சேனே," என்றார்.

"என்ன தெரியும்?"

"உன் மைக் வெளியில போகாதுன்னு. மானிட்டர்ல மட்டும்தான் போகும்."

மானிட்டர் என்பது மேடையில் எங்கள் காலடியில் இருக்கும் ஸ்பீக்கர் பெட்டி. பாடுகிறவர்கள் தங்கள் குரலைத் தாங்கள் கேட்பதற்காக வைப்பது. அதில் நான் எனக்கு எப்போதும் கணீரென்று கேட்பேன். அரங்கத்துக்குப் போவது வேறு பெட்டிகள். அதில் என்ன போகிறது என்று மேடையில் நிற்பவளுக்குத் தெரியாது.

"எத்தனை நாளா?"

"நாளாவது? ஆறு வருஷம் இருக்கும்." அப்போதுதான் தலையைத் தூக்கினார். "நீதானே அக்காவுக்கு எடுத்துக் குடுக்கற. அதுக்குத்தான்னு நீ புரிஞ்சுக்கிட்டிருப்பன்னு நினைச்சேன். ஒண்ணும் கேக்கலையே நீ."

ஆறு வருடம் ஒரே மேடையில் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்த மனிதர். ஒரே ஆட்டோவில் வீட்டுக்கு வந்த மனிதர். இன்றைக்கு நன்றாகப் பாடினேனா என்று நான் கேட்கும்போதெல்லாம் "ஜோர்" என்று சொன்ன மனிதர். அந்த ஈயக் கம்பியைப் பிடுங்கி எறியலாம் போல வந்தது. எறியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

எடுத்துக் கொடுப்பது எப்படி ஆரம்பித்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பத்து வருடத்துக்கு முன் ஒரு கம்பெனியின் ஆண்டு விழாவில், நூறு தடவை பாடிய பாட்டின் நடுவில், அக்காவுக்கு அடுத்த வரி மறந்துபோனது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். கூட்டத்தில் கை நழுவிப்போன குழந்தையின் பார்வை. நான் உடனே வரியை எடுத்தேன், அவள் பிடித்துக்கொண்டாள். யாருக்கும் தெரியவில்லை. பிறகு ஒப்பனை அறையில் கதவைச் சாத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "யார்கிட்டயும் சொல்லிடாதடி," என்றாள்.

அக்கா தாளைப் பார்த்துப் பாட மாட்டாள். பார்க்கவும் கூடாது, பார்க்காமல் பாடுவதில்தான் அவள் பேரே இருக்கிறது. ஒவ்வொரு கச்சேரியிலும் அறிவிப்பாளர் தொண்டை கிழிய அதைத்தான் சொல்வார்: ஒரு துண்டுச் சீட்டு இல்லாமல் ஆயிரம் பாடல். ஆகவே அன்றிலிருந்து நான் எல்லா வரியையும் அரை பீட் முன்னால் எடுக்க ஆரம்பித்தேன். முதல் இரண்டு வார்த்தை போதும், அக்கா ஏறிக்கொள்வாள். அவள் வரியின் கடைசி வார்த்தையை இழுத்துக்கொண்டிருக்கும்போது நான் அதை விட்டுவிட்டு அடுத்த வரிக்கு மூச்சு எடுத்துக்கொள்வேன். அரை பீட் என்பது கண் சிமிட்டும் நேரம். வெளியில் யார் காதுக்கும் அது எட்டாது என்று நினைத்தேன். என்னால்தான் அக்கா நிற்கிறாள் என்பதில் எனக்கு ரகசியமாக ஒரு பெருமையும் இருந்தது. பொய் சொல்வானேன், நிறையவே இருந்தது.

எங்கள் சவுண்டுக்காரருக்குப் பஞ்சு என்று பெயர் வைத்தது தபேலாக்காரர். காதை வைத்துப் பிழைக்கிற ஆள், வேலை இல்லாத நேரமெல்லாம் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டுதான் நடமாடுவார். தையல் கடைக்கு மேலே இரண்டு அறையில் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். வெளி அறையில் மிக்ஸரும் கம்ப்யூட்டரும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாடுகிற அறை. குழுவின் இருபத்தைந்தாம் வருடத்துக்காகக் கடந்த இரண்டு மாதக் கச்சேரிகளையும் அவர் பதிவு செய்து வைத்திருந்தார். அதிலிருந்து நல்லதாகப் பன்னிரண்டு பாட்டைப் பொறுக்கி ஒரு நேரடிப் பதிவாக வெளியிடப்போகிறோம். அட்டைப்படம்கூட வந்துவிட்டது, இரண்டு முகத்தோடு.

என்னைப் பார்த்ததும் காதிலிருந்து பஞ்சை எடுத்தார். முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

நான் உட்காரவில்லை. மிக்ஸரைப் பார்த்தேன். கச்சேரிக்குக் கொண்டு வரும் அதே மிக்ஸர். கீழ் ஓரத்தில் வெள்ளை டேப் ஒட்டி எழுதியிருந்தது: ஒன்று, அக்கா. இரண்டு, தங்கை. சத்தத்தை மேலே ஏற்றும் ஃபேடர் ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரத்தில் நின்றது. என்னுடையது மட்டும் அடிமட்டத்தில். கை தவறிக்கூட ஏறிவிடாதபடி அதன் மேல் குறுக்காகக் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. ஓரமெல்லாம் தூசி படிந்த பழைய டேப். இத்தனை வருடத்தில் நான் ஒரு நாளாவது மேடையை விட்டு இறங்கி இந்தப் பக்கம் வந்து பார்த்ததில்லை.

"யார் ஒட்டச் சொன்னது?"

"அக்காதான் சொன்னாங்க, சின்னக்கா," என்றார். "ஆனா அவங்க மேல மட்டும் பழி போடக் கூடாது. நீங்க முன்னாடி வர்றது வெளியில நல்லாவே கேக்குது. ஒருத்தர் பாட, இன்னொருத்தர் விரட்டற மாதிரி. ரெண்டு மூணு பேர் வந்து சொல்லவும் செஞ்சாங்க. உங்களை முன்னாடி வர வேணாம்னு சொன்னா அக்கா பாட முடியாது. அதான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை?"

"உங்களுக்குத் தெரியும்னு அக்கா சொன்னாங்க."

எல்லோருக்கும் எனக்குத் தெரியும் என்று தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

எனக்கு என்ன வேண்டும் என்று அப்போது தெளிவாக இருந்தது. கச்சேரி காற்றோடு போய்விடும். ஆறு வருடம் போனது போனதுதான். இந்தப் பதிவு நிற்கும். இதில் என் குரல் இருக்க வேண்டும். இல்லையென்றால் இருபத்தைந்து வருடமும் அக்காவோடு ஒரு பொம்பளை நின்றாள் என்பதற்கு அந்த அட்டைப்படம் மட்டும்தான் மிச்சம்.

"நேரடிப் பதிவுல என்னைச் சேர்த்துடுங்க," என்றேன். "மைக் தனித்தனியாத்தானே பதிவாகுது? நீங்கதான் ஒரு தடவை சொன்னீங்க."

"ஆகுது," என்றார். கொஞ்ச நேரம் மோவாயைச் சொறிந்தார். "கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க."

முந்தின நாள் பாட்டையே எடுத்து, மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு என் குரலை மட்டும் போட்டார்.

நான் இதுவரை என்னைத் தனியாகக் கேட்டதில்லை. ஸ்பீக்கரில் ஒருத்தி வந்தாள். வரியின் முதல் இரண்டு வார்த்தையை அழுத்தமாக, தெளிவாகச் சொன்னாள். பிறகு குரல் தளர்ந்தது. வரி முடியும் இடத்தில் முடிக்காமல் விட்டாள், மூச்சு எடுத்தாள், அடுத்த வரியின் முதல் இரண்டு வார்த்தை. மறுபடி தளர்ச்சி, மறுபடி மூச்சு. வகுப்பில் டீச்சர் சொல்லிக் கொடுத்துப் பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்களே, அதில் டீச்சர் பங்கு மட்டும். ஸ்வரம் சரியாகத்தான் இருந்தது. பாட்டுத்தான் இல்லை. நான் உருகி, கண் மூடி, கையை உயர்த்திப் பாடியதாக நினைத்துக்கொண்டிருந்தது இதைத்தான். இருமல் வந்த அந்த வரி ஒன்றுதான் பாட்டாக இருந்தது.

"முன்னாடி வர்றதைக் கம்ப்யூட்டர்ல பின்னாடி தள்ளி வெச்சிடலாம், அது ரெண்டு நிமிஷ வேலை," என்றார் பஞ்சு மெதுவாக. "ஆனா வரியை முடிக்கவே இல்லையே நீங்க. இல்லாததை நான் எங்க போயிக் கொண்டுவர்றது?"

அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது.

"ஒண்ணு செய்யலாம்," என்றார். பாவம், நல்ல மனுஷன். "உள்ள போயிப் புதுசாப் பாடிக் குடுங்க. அக்கா குரலைக் காதுல விடறேன், அதோட சேர்ந்து பாடுங்க. நேரடிப் பதிவுன்னு பேர்தான், எல்லாருமே பின்னாடி ஒட்டுப் போடறதுதான். யாருக்கும் தெரியாது."

சரி என்று சொல்ல வாயெடுத்தபோது படியில் சத்தம் கேட்டது. வெந்நீர் ஃபிளாஸ்க்கைக் கையில் பிடித்துக்கொண்டு அக்கா வந்தாள். என் வீட்டுக்காரர் ஃபோன் செய்திருப்பார். அந்த விஷயத்தில் மட்டும் மனிதர் சுறுசுறுப்பு.

"கோவமாடி?" என்றாள், உட்கார்ந்துகொண்டே.

"தெரியும்னு எதுக்குச் சொன்ன?"

"உங்கிட்ட சொன்னா நீ அழுவ. அப்புறம் எடுத்துக் குடுக்க மாட்ட." ஒளிக்காமல் சொன்னாள். "நீ இல்லன்னா என்னால மேடையில ஒரு நிமிஷம் நிக்க முடியாது. அதைவிட உனக்கு என்னடி வேணும்?"

பதிலுக்குக் காத்திராமல் அவள் பஞ்சுவைப் பார்த்து, "இன்னும் எத்தனை பாக்கி?" என்றாள்.

பஞ்சு என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அஞ்சு," என்றார்.

"எது அஞ்சு?" என்று கேட்டேன்.

கம்ப்யூட்டர் திரையில் ஒரு பெட்டி திறந்திருந்தது. அதன் தலைப்பில் 'அக்கா காதுக்கு' என்று இருந்தது. உள்ளே வரிசையாகப் பாட்டுப் பெயர்கள், நூற்றுக்கும் மேல். எல்லாம் என் குரல் மட்டும், வெட்டித் தனியாக எடுத்தது. இரண்டு மாதமாக எல்லாக் கச்சேரியையும் பதிவு செய்தது எதற்கென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. பன்னிரண்டு பாட்டுக்கு யார் இத்தனை கச்சேரியைப் பதிவு செய்வார்கள்?

"மூணு மாசம் முன்னாடி உனக்குக் காய்ச்சல்னு கச்சேரியை ரத்து பண்ணினோமே," என்றாள் அக்கா. "அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரலடி. நாளைக்கு உனக்கு ஏதாவது ஒண்ணுன்னா நான் நடுத்தெருவுல நிக்கணும். அதான் இந்த யோசனை. காதுல ஒரு சின்னக் கருவி. அதுல நீ பாடிக்கிட்டே இருப்ப. வாத்தியக்காரங்களும் அந்த ஓட்டத்தோடயே வாசிப்பாங்க, உன் வீட்டுக்காரர்கிட்ட பேசிட்டேன். வேற யார் குரலும் என் காதுக்கு ஒத்துக்காதுடி. உன் குரல்தான்."

"அப்ப நான்?"

"நீ எப்பவும் போல வா. பக்கத்துல நில்லு. உன் பங்கு உனக்கு." ஃபிளாஸ்க் மூடியில் வெந்நீரை ஊற்றி என்னிடம் நீட்டினாள். "பாடணும்னுகூட இல்ல. தொண்டையை வருத்திக்காத."

அன்போடுதான் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். இவளிடம் எனக்கு இருந்த பாசத்தை முழுசாக வழித்து எடுத்து, பாட்டு வாரியாகப் பிரித்து, பெட்டியில் போட்டு வைத்துவிட்டாள். இனி எனக்கு அந்தப் பாசம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

"அந்த அஞ்சு பாட்டுல மட்டும் கைதட்டல் சத்தம் உன் மைக்ல ஏறிப்போச்சாம்," என்றாள். "வந்ததும் வந்த, அதையும் பாடிக் குடுத்துட்டுப் போயிடேன்."

அந்த ஐந்தில் மூன்று பாட்டு, வெளியிடப்போகிற பன்னிரண்டிலும் இருந்தன. நான் வெந்நீரைக் குடித்தேன். எனக்கு ஒன்று தோன்றியது. பாடுகிறேன். ஆனால் தாளத்தோடு பாடுகிறேன், அக்காவோடு ஒட்டி, ஒவ்வொரு வரியையும் கடைசி எழுத்துவரை முடித்து. வெளியீட்டுக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். அக்காவின் காதுக்குச் சல்லிக்காசுக்குப் பிரயோஜனப்படாது. மறந்துபோன வரி, முன்னால் வராமல் பாட வேண்டிய நேரத்திலேயே வந்தால் அவள் என்ன செய்வாள்? திணறட்டும். ஒரு தடவையாவது எல்லோர் முன்னாலும் திணறட்டும் என்று மனதாரத்தான் நினைத்தேன்.

உள்ளே போய் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு ஓட ஆரம்பித்தது. வாத்தியம் முடிந்து அக்கா வரப்போகிற இடம். பொறு, பொறு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வாயைத் திறந்தேன். அக்கா எனக்குப் பின்னால் வந்தாள்.

நிறுத்தச் சொன்னேன். மறுபடி. இந்தத் தடவை விரலால் தொடையில் எண்ணிக்கொண்டேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, நான்கை எண்ணாமலே பாடிவிட்டேன்.

"அக்கா குரலை எடுத்துடுங்க," என்றேன். "வெறும் வாத்தியம் மட்டும் விடுங்க."

அக்கா இல்லாமலும் அதே கதிதான். அவள் மூச்சு எடுக்கும் இடங்களெல்லாம் அவள் இல்லாமலே என் நெஞ்சுக்குத் தெரிந்திருந்தது. நான்காவது தடவை உதட்டைக் கடித்துக்கொண்டு, வேண்டுமென்றே தாமதித்து, முதல் வரியைச் சரியாகப் பிடித்தேன். பிடித்த சந்தோஷத்தில் வரியின் கடைசி வார்த்தைக்கு வந்தபோது அதை நீட்ட வேண்டும் என்று தெரிந்தும் நாக்கு அதைப் போட்டுவிட்டு அடுத்த வரிக்கு ஓடியது. பிறகு பாட்டு முடியும்வரை என்னால் அதை இழுத்துப் பிடிக்க முடியவில்லை. ஒரு வரி பாக்கி இல்லாமல் எல்லா வரிக்கும் அக்காவுக்கு முன்னால் போய் நின்றேன்.

பாட்டு நின்றது. பஞ்சு என்னைப் பார்க்காமல் மிக்ஸரையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அவர் கைக்கு மேலாக எட்டி, உள்ளே பேசுகிற பொத்தானை அமுக்கினாள். ஹெட்ஃபோனில் அவள் குரல் மிகப் பக்கத்தில் கேட்டது.

"அருமைடி. கரெக்டா இருக்கு, இம்மிகூட மாத்தாத. அடுத்த பாட்டு போலாமா?"

நான் தலையாட்டினேன்.